முப்பத்தெட்டு வயதில் பல்லுக்குக் கம்பி

3 பிப்ரவரி 2025, திங்கள்

இன்றைக்கும் மலை ரூட். வெள்ளிமலைக்கு இரண்டு நடை. கச்சிராயபாளையம் வரை ஒன்றும் இல்லை. கோமுகி அணையைத் தாண்டி வண்டி ஏறத் தொடங்கியதும் இடது காதுக்கு முன்னால் அதே இடத்தில் வலி. விரலை வைத்தால் உள்ளே ஏதோ துள்ளுகிறது. வாயைத் திறந்தால் டக். மூடினால் டக். அப்பா பணியில் இருக்கும்போதே செத்துப்போய், அவருடைய பஸ் கண்டக்டர் வேலை எனக்கு வந்து நாலு வருஷம் ஆகிறது. முதல் மூன்று வருஷம் சாயங்காலமானால் கால்தான் வலிக்கும். இப்போது தாடை.

கொண்டுபோன சப்பாத்தியை மெல்ல முடியவில்லை. டிரைவர் கண்ணாயிரம் அண்ணனின் குழம்புச் சோற்றில் பாதி வாங்கிச் சாப்பிட்டேன்.

"இன்னாம்மா ரஞ்சனி, பல்லு வலியா?"

"இல்லண்ணே, காது" என்றேன்.

ஏன் காது என்று சொன்னேன்? பல் என்ற பேச்சே என் வாயிலிருந்து வரக்கூடாது எனக்கு.

9 பிப்ரவரி, ஞாயிறு

கள்ளக்குறிச்சியில் ஒரு பல் டாக்டரிடம் போனேன். வீட்டில் கடைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான். எக்ஸ்ரே எடுத்தார். "மேல் வரிசை ரொம்ப முன்னால வந்திருக்கு. கடி சரியா உக்காரல. அதான் தாடைக்கு லோடு. கம்பி போட்டா வலி போயிடும்" என்றார். இடம் வேண்டும் என்பதற்காக நாலு நல்ல பல்லைப் பிடுங்க வேண்டுமாம். கம்பி இரண்டு வருஷம்.

"இந்த வயசுலயா டாக்டர்?"

"அம்பது வயசுக்காரங்களே போட்டுக்கறாங்க."

நோட்டை எடுத்ததே அடுத்த வரியை எழுதத்தான். கம்பி என்று அவர் சொன்னதும் எனக்குப் பயம் வரவில்லை. சந்தோஷம் வந்தது. குபுக்கென்று. நாலு பல்லைப் பிடுங்கப் போறேன்னு ஒருத்தர் சொல்றார், அதுக்கு எவளாவது சந்தோஷப்படுவாளா?

ஏழாம் வகுப்பில் என் பேர் தேங்காதுருவி. கல்யாணப் படத்தில் எல்லாரும் சிரிக்கிறார்கள், நான் மட்டும் துக்க வீட்டில் நிற்கிற மாதிரி உதட்டை இறுக்கிக்கொண்டு நிற்கிறேன். யாரும் ஏன் என்று கேட்டதில்லை. வெட்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

10 பிப்ரவரி

வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

12 பிப்ரவரி

சொல்லிவிட்டேன். வடக்கனந்தல் ரோட்டில் இருக்கும் பழுதான மோட்டாருக்குக் காயில் கம்பி சுற்றும் கடையிலிருந்து வீட்டுக்காரர் வீரமணி வந்து, சாப்பிட உட்கார்ந்த பிறகு.

"கம்பியா? உம் பல்லுக்கு இன்னா கொறச்சல்? நான் பாத்துதான கட்டிக்கினேன்."

இருபது வருஷமாக இதே பதில். நல்ல மனுஷன்தான். ஆனால் இந்தப் பதிலுக்குப் பிறகு நான் எதுவும் பேச வழியில்லை.

"வலிக்குதுங்க. மெல்ல முடியல."

"வலிக்குதா? வலின்னா சரி. வலின்னா செஞ்சிதான ஆவணும்" என்றார்.

வலின்னா சரி. டிக்கெட் கிடைத்த மாதிரி இருந்தது.

மகள் இசைவாணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "ம்மா, எங்க ஸ்கூல்ல எட்டாவது புள்ளைங்கதான் கம்பி போட்டுக்கினு இருக்குதுங்க" என்றாள். கேலி இல்லை, ஆச்சரியம்தான். இருந்தாலும் என் காது சுட்டது.

19 பிப்ரவரி

போடலாம். வேண்டாம். போடலாம்.

இரண்டாவது நடையில் ஸ்டேஜ் மாற்றி டிக்கெட் கொடுத்துவிட்டேன், இரண்டு பேருக்கு. இதையே நினைத்துக்கொண்டிருந்தால் இப்படித்தான்.

வேண்டாம் என்பதற்கு: நாலு நல்ல பல். ரெண்டு வருஷம். பஸ்ஸில் தினமும் முந்நூறு பேர் என் வாயைப் பார்ப்பார்கள். விசில் ஊத முடியுமா தெரியவில்லை. போடலாம் என்பதற்கு: வலி.

வலி மட்டும்தானா?

27 பிப்ரவரி, வியாழன்

நடந்தது நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

இரண்டாவது நடை, வெள்ளிமலையிலிருந்து இறக்கம். வண்டி நிறைய ஆள். மரவள்ளி மூட்டை, சாமை மூட்டை, ஒரு கூண்டில் கோழி. டிக்கெட் முக்கால்வாசி முடித்து என் சீட்டில் உட்கார்ந்தேன். பக்கத்தில் இன்னாடு ஊர்ப் பக்கத்து வெள்ளச்சி. வாரம் தவறாமல் எங்கள் வண்டியில் வருகிறவள், ஐம்பது வயசு இருக்கும். ஜன்னல் காற்று சில்லென்று வந்தது. கொட்டாவி விட்டேன். அவ்வளவுதான் செய்தேன்.

வாய் மூடவில்லை.

ஒரு சத்தம் கேட்டது, உள்ளே. தாடை கீழே இறங்கி அங்கேயே நின்றுவிட்டது. கையால் தள்ளினேன். அசையவில்லை. வலி கண்ணுக்குள் போனது. கத்த முடியாது. பேச முடியாது. விசில் ஊத முடியாது. எச்சில் ஒழுகுகிறது, காக்கிக் கோட்டு நனைகிறது. முன் சீட்டுக்காரர் திரும்பி, "கரியாலூர் ஒண்ணு குடும்மா" என்கிறார். நான் வாயைப் பிளந்துகொண்டு அவரையே பார்க்கிறேன். அவர் பயந்துபோனார்.

உள்ளங்கையால் வண்டித் தகரத்தை அடித்தேன். பட் பட் பட் என்று. கண்ணாயிரம் அண்ணன் கண்ணாடியில் பார்த்தார். வளைவு முடிந்ததும் ஓரங்கட்டினார். எல்லாரும் எழுந்து என்னைச் சுற்றி. எல்லாரும். நான் இருபத்தைந்து வருஷமாக ஒளித்து வைத்திருந்த பல் முழுக்க, ஈறு வரைக்கும், மூட முடியாமல், அத்தனை பேர் முன்னால் —

வெள்ளச்சி எழுந்து தோளில் கிடந்த துண்டை எடுத்து என் மூக்குக்குக் கீழே மூடிக் கட்டினாள். "இன்னா வேடிக்க பாக்குறீங்க? போய் ஒக்காருங்க. அந்தம்மாவுக்கு வாய் புடிச்சிக்கிச்சி, வேற ஒண்ணுமில்ல" என்று அதட்டினாள். அண்ணன் வண்டியை நேராகக் கரியாலூர் ஆஸ்பத்திரி வாசலில் கொண்டு நிறுத்தினார்.

சின்ன வயசு டாக்டர். கட்டை விரல்களில் துணி சுற்றி, என் கடைவாய்ப் பல்லில் வைத்து, கீழே அழுத்திப் பின்னால் தள்ளினார். ஒரு முறை. இரண்டாம் முறை டப் என்று உள்ளே போனது. அழுதேன். வாயை மூடிக்கொண்டு அழ முடிந்ததே என்று இன்னும் அழுதேன்.

வெளியே வந்தால் வண்டியில் ஒருவர்கூட இறங்கிப் போகவில்லை. எல்லாரும் காத்திருந்தார்கள். அது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை. யார் முகத்தையும் பார்க்காமல் கள்ளக்குறிச்சி வந்து சேர்ந்தேன்.

28 பிப்ரவரி

லீவு. கஞ்சி. வலியைவிட, எல்லாரும் பார்த்துவிட்டார்கள் என்பதுதான் பெரிதாக இருக்கிறது.

3 மார்ச்

டிப்போவில் கூப்பிட்டு விசாரித்தார்கள். மரியாதையாகத்தான் கேட்டார்கள். இன்னொரு முறை வண்டியில் இப்படி ஆனால் ரூட்டிலிருந்து எடுத்து ஆபீசில் உட்கார வைத்துவிடுவார்களாம். "வாய் இல்லாம கண்டக்டர் வேல எப்படிம்மா?" அது நியாயம்தான்.

ஆனால் எனக்கு ரூட் வேண்டும். அந்த மலை வேண்டும். ஏறும்போது குளிர்கிற காற்றும், பேர் தெரிந்த ஆட்களும், வண்டி என் விசிலுக்குக் கிளம்புகிறதும். ஆபீசில் உட்கார்ந்தால் நான் செத்துப்போவேன்.

பல் டாக்டருக்குப் போன் செய்தேன். 14ஆம் தேதி காலை பத்தரை மணிக்கு முதல் இரண்டு பல்லைப் பிடுங்குகிறார்.

8 மார்ச்

வேண்டாமோ.

11 மார்ச்

"இன்னாத்துக்கு வூட்டுக்குள்ளயே நடந்துகினு கெடக்குற? ஒக்காரு" என்றார் வீரமணி. உட்கார்ந்தால் தாடை வலிக்கிறது என்றேன். அது பொய். உட்கார்ந்தால் நினைப்பு வருகிறது.

14 மார்ச், வெள்ளி

நாற்காலியில் சாய்ந்து படுத்துவிட்டேன். விளக்கை முகத்துக்கு நேராகத் திருப்பினார்கள். தட்டில் ஊசி, குறடு, பஞ்சு. டாக்டர் கையுறை போட்டுக்கொண்டிருந்தார்.

"டாக்டர், இதுக்கப்பறம் வாய் மாட்டிக்காதில்ல? வலி போயிடுமில்ல?"

"பெரும்பாலும் போயிடும்மா" என்றார்.

போன மாசம் "போயிடும்" என்றவர் இன்றைக்குப் "பெரும்பாலும்" என்கிறார். அவர் கெட்டவர் இல்லை. ஊசியைக் கையில் எடுக்கும்போது வார்த்தையில் கவனம் வந்திருக்கும். ஆனால் பிடுங்கின பல்லைத் திரும்ப வைக்க முடியுமா?

"ஒரு நிமிஷம்" என்று எழுந்தேன். பாத்ரூம் போவதற்கென்று நினைத்தார்கள். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்து, அப்படியே பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வேகமாக நடந்தேன். கழுத்தில் அந்தக் காகித ஏப்ரன் தொங்கிக்கொண்டே இருந்தது. பூக்காரம்மா சொன்ன பிறகுதான் கழற்றினேன்.

15 மார்ச்

பயந்தாங்கொள்ளி. முப்பத்தெட்டு வயசு.

18 மார்ச்

வெள்ளிமலையில் வண்டி நின்றிருந்தது. டீக்கடை பெஞ்சில் அண்ணனும் நானும். நாற்காலியிலிருந்து ஓடிவந்ததைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"ஒண்ணு சொன்னா கோச்சிக்கமாட்டியே?"

"சொல்லுங்கண்ணே."

"நடுக் கண்ணாடில தெனமும் ஒன்னப் பாக்குறேன். டிக்கெட் குடுக்கும்போது பேசுற, அப்பால ஒடனே வாயப் பூட்டிக்கிற. ஒதட்ட இப்டி இறுக்கிக்கினு, தாடைல நரம்பு தெரியற மாதிரி. வளைவுல நான் ஸ்டீரிங்க புடிக்கிறத விட நீ பல்ல ஜாஸ்தி புடிச்சிக்கினு வர. கைய எட்டு மணி நேரம் முறுக்கி வெச்சா வலிக்குமா வலிக்காதா?"

நான் டீ டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு ஆள் மூன்று வருஷமாக இதைப் பார்த்திருக்கிறார். எனக்குத் தெரியவில்லை.

அவர் சம்சாரத்துக்குப் புதுச்சேரியில் ஒரு பல் மருத்துவக் கல்லூரியில் வைத்தியம் பார்த்தார்களாம். ஆஸ்பத்திரிச் சீட்டைத் தேடித் தருகிறேன் என்றார்.

22 மார்ச், சனி

புதுச்சேரி. வீரமணி வருகிறேன் என்றார், நான்தான் வேண்டாம் என்றேன்.

டாக்டர் பேர் ஜெயசுதா. என் வயசுதான் இருக்கும். எக்ஸ்ரேவைப் பார்க்கும் முன்னால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். காதுக்கு முன்னால், கன்னத்தில், நெற்றிப் பக்கத்தில், கழுத்தில் விரலால் அழுத்தினார். ஒவ்வொரு இடத்திலும் நான் துள்ளினேன்.

"வாயைச் சும்மா விடுங்க."

விட்டேன்.

"இது சும்மா இல்லையே. மூடுறதுக்கு எவ்வளவு பாடுபடுறீங்க பாருங்க" என்று கண்ணாடியைக் கொடுத்தார். முகவாய்க்கட்டை சுருங்கி, எலுமிச்சைத் தோல் மாதிரி புள்ளி புள்ளியாக இருந்தது. என் முகவாய் எப்போதும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். அது தசை. இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிற தசை.

அப்புறம் பொறுமையாகச் சொன்னார். தாடை மூட்டும் தசைகளும் களைத்துப் போயிருக்கின்றன. நாள் முழுக்கப் பல்லைக் கடிக்கிறேன், தூக்கத்திலும் கடிக்கிறேன், பல் தேய்ந்திருப்பதே சாட்சி. முதலில் அதற்கு வைத்தியம். தூங்கும்போது போட ஒரு பிளேட். வெந்நீர் ஒத்தடம். நாக்கை மேலண்ணத்தில் வைத்துப் பாதி வாய் திறக்கும் பயிற்சி. கொட்டாவி வந்தால் முகவாயைக் கையால் தாங்க வேண்டும். விசிலைப் பல்லால் கடிக்கவே கூடாது.

"அப்போ கம்பி?"

"கம்பி போட்டா பல் நேராகும். வலி போகும்னு நான் வாக்குத் தர மாட்டேன். அதுக்காகன்னு கம்பி போட்டு, வலி அப்படியே இருந்தா என்னைத் திட்டுவீங்க. பல்லுக்காகப் போடணும்னா தாராளமா வாங்க, தப்பே இல்ல. ஆனா முதல்ல வலி அடங்கணும். எதுக்காகன்னும் நீங்கதான் சொல்லணும்."

"வலிக்குத்தான் டாக்டர்" என்றேன். உடனே. யோசிக்காமல்.

அவர் தலையாட்டினார். நம்பினாரா தெரியவில்லை. பல்லைக் கடிக்கிறபோதெல்லாம் குறித்து வைக்கச் சொல்லியிருக்கிறார்.

24 மார்ச்

வளைவுகளில். சில்லறை இல்லாதபோது. டிப்போவில் நுழையும்போது. கண்ணாடி பார்த்தபோது.

25 மார்ச்

பொண்ணு ஒருத்தி போனில் செல்ஃபி எடுத்தாள், நான் பின்னால் நின்றிருந்தேன். கடித்தேன்.

26 மார்ச்

ஆள் ஏறும் ஒவ்வொரு நிறுத்தத்திலும். இறங்கும்போது இல்லை. ஆள் என் முகத்துக்கு நேரே வரும்போதுதான்.

30 மார்ச், ஞாயிறு

வீட்டில் தனியாக இருந்தேன். துணி துவைத்து, மாவு அரைத்து, மதியம் வரை ஒரு குறிப்பும் இல்லை. அவர் வந்தார். "இன்னா கொழம்பு?" என்றார். திரும்புவதற்கு முன் உதட்டை மூடினேன். என் புருஷன் முன்னால்கூட. இருபது வருஷம். எண்ணிப் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

12 ஏப்ரல்

பிளேட் வந்துவிட்டது. போட்டால் 'ஸ' வரவில்லை. இசைவாணி என்னை அவள் பேரைச் சொல்லச் சொல்லி விழுந்து விழுந்து சிரிக்கிறாள்.

3 மே

விசிலை உதட்டால் பிடித்து ஊதப் பழகிவிட்டேன். முதலில் காற்றுதான் வந்தது. "இன்னாம்மா, டயர் பஞ்சரா?" என்றார் அண்ணன்.

2 ஜூன்

சப்பாத்தி சாப்பிட்டேன். இரண்டு.

6 ஜூலை, ஞாயிறு

ஒரு வாரமாக வலி இல்லை. டக் சத்தம் எப்போதாவது. வாய் மாட்டிக்கொள்ளவே இல்லை. டிப்போவிலும் ஆபீஸ் பேச்சை விட்டுவிட்டார்கள்.

வீரமணியிடம் சொன்னேன். அவருக்கு நிஜமாகவே சந்தோஷம். "அப்ப கம்பியும் வேணாம், ஒண்ணும் வேணாம். நல்ல வேள அன்னிக்கு எழுந்து வந்த" என்று என் தலையைத் தட்டிவிட்டுப் போனார்.

ஆமாம் என்றேன். பின்பக்கம் போய்த் துணிக் கல்லில் உட்கார்ந்து அழுதேன். எதுக்கு அழறேன்? வலி போயிடுச்சேன்னு அழறவ ஒருத்தி உண்டா? உண்டு. நான்தான். வலி இருந்தவரைக்கும் எனக்கு ஒரு காரணம் இருந்தது. வலிக்குது என்றால் யாரும் சிரிக்க மாட்டார்கள். அழகாக இருக்க வேண்டும் என்று ஒன்பதாவது படிக்கிற மகளை வைத்துக்கொண்டு நான் சொன்னால்?

இனிமேல் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. வாயில் வலி இல்லை, பல் அப்படியே இருக்கிறது.

13 ஜூலை

புதுச்சேரி டாக்டருக்குப் போன் போட எடுத்து, போடாமலே வைத்துவிட்டேன்.

20 ஜூலை

பொய் சொன்னேன். சாப்பிடும்போது கன்னத்தில் கை வைத்து, "திரும்ப வலிக்குதுங்க" என்றேன். அவர் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து வெந்நீர் வைக்கப் போனார். துணியை நனைத்துப் பிழிந்து கொண்டுவந்து அவரே ஒத்தடம் கொடுத்தார். வலிக்காத கன்னத்துக்கு. அந்தச் சூட்டை இப்போதும் உணர்கிறேன். அசிங்கமாக இருக்கிறது.

27 ஜூலை

"இன்னிக்கு எப்டி இருக்குது?" தினமும் கேட்கிறார். "பரவால்ல" என்கிறேன். வலி ஒரு நாள் ஜாஸ்தி, ஒரு நாள் கம்மி என்று கணக்குப் பார்த்துப் பொய் சொல்ல வேண்டியிருக்கிறது. பல்லை மறுபடி கடிக்க ஆரம்பித்துவிட்டேன். இப்படியே போனால் பொய்யே நிஜமாகிவிடும்.

10 ஆகஸ்ட், ஞாயிறு

இசைவாணியின் சிநேகிதி கவியா வீட்டுக்கு வந்திருந்தாள். இரண்டு பேரும் போனில் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

கவியா தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிக்கிறாள். இசைவாணி சிரிக்க ஆரம்பித்ததுமே கை மேலே போகிறது. வாயை மூடிக்கொண்டுதான் சிரிக்கிறாள். திரும்பவும். திரும்பவும். ஒவ்வொரு முறையும்.

அவள் பல் வரிசை அப்பாவுடையது. முத்து மாதிரி. ஒரு பல்கூட விலகவில்லை. அவளை ஒருத்தரும் ஒரு பேரும் வைத்துக் கூப்பிட்டதில்லை.

கவியா போன பிறகு கேட்டேன். "இன்னாத்துக்குடி வாயப் பொத்திக்கினு சிரிக்கிற?"

"பொத்துறனா?" என்றாள். அவளுக்கே தெரியவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "பொம்பளைங்க அப்டிதானம்மா சிரிப்பாங்க. நீயும் அப்டிதான" என்றாள்.

வெங்காயத்துக்கு அழுகிறேன் என்று நினைத்திருப்பாள்.

11 ஆகஸ்ட்

டூட்டி முடிந்து நேராகக் கடைக்குப் போனேன். வீரமணி ஒரு மோட்டாருக்குத் தாமிரக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"எனக்கு வலிக்கல. ஜூலைலருந்தே வலிக்கல. ஒங்ககிட்ட பொய் சொன்னேன்."

கை நின்றது. நிமிரவில்லை.

"அப்ப நான் ஒத்தடம் குடுத்தது?"

"அன்னிக்கும் வலிக்கல."

எண்ணிக்கை விட்டுப்போயிருக்கும், சுற்றினதைக் கொஞ்சம் பிரித்தார். கோபம் என்றால் அவர் இப்படித்தான், கை வேலையில் போய்விடும். இப்போது எழுந்து வந்துவிட்டால் இனி எப்போதும் சொல்ல மாட்டேன் என்று தெரிந்தது. வாயை மூடாமல் சொன்னேன்.

"எனக்குக் கம்பி போட்டுக்கணும். வலிக்காக இல்ல. என் பல்லு எனக்குப் புடிக்கல. ஒங்களுக்குப் புடிச்சிருக்கலாம். எனக்குப் புடிக்கல."

"எத்தினி நாளா?"

"ஏழாவது படிக்கறப்பலருந்து."

"இருவது வருசமா எங்கூட இருக்குற. ஒரு தடவ சொன்னியா?"

"சொன்னா நீங்க 'இன்னா கொறச்சல்'னு கேப்பீங்க. கேட்டீங்க."

பிரித்த கம்பியை விரலால் நீவி நேராக்கினார். அப்புறம், "ஒனக்கு ஆறுதலா இருக்கும்னுதான் அப்டிச் சொன்னேன்" என்றார். குரல் இறங்கிப்போயிருந்தது. "பேச விடாம பண்ணிட்டேன்னு தெரியாது."

அவர் பைக்கின் பின்னால் உட்கார்ந்து வீட்டுக்கு வந்தேன். வாசலில் இறங்கியதும், "பொய் சொன்னதுக்கு எனக்குக் கோவம் கீது. அது தனி" என்றார். "புதுச்சேரிக்கு என்னிக்குப் போவணும்?"

23 ஆகஸ்ட், சனி

இரண்டு பேரும் போனோம். ஜெயசுதா டாக்டர் பிளேட்டைப் பார்த்தார், தாடை மூட்டை அழுத்திப் பார்த்தார். நான் துள்ளவில்லை.

"இப்போ சொல்லுங்க. எதுக்காக?"

"வாயை இழுத்து மூடாம இருக்கணும். சிரிக்கணும். அதுக்காக."

அவர் எழுதிக்கொண்டார். கீழே எந்தப் பல்லையும் எடுக்க வேண்டாம், மேலே மட்டும் இரண்டு, அதுவும் மூட்டு எப்படி இருக்கிறது என்று மாதாமாதம் பார்த்துக்கொண்டே செய்யலாம் என்றார். ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆகும். நடுவில் வலி வந்தால் நிறுத்தி வைக்க வேண்டியிருக்கும். "சரியா வரும்னு நூத்துக்கு நூறு சொல்லல" என்றார். சொல்லாததே எனக்குப் பிடித்திருந்தது.

வீரமணி அங்கே பொம்மைப் பல்லில் கட்டி வைத்திருந்த கம்பியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதன் தடிமன் எத்தனை கேஜ் என்று டாக்டரையே கேட்டார்.

18 செப்டம்பர்

போட்டாயிற்று.

20 செப்டம்பர்

வாய் முழுக்க முள். இட்லியைப் பாலில் கரைத்துக் குடித்தேன். உதட்டின் உள்ளே புண். எதற்கு இந்த வேலை? நானாகத்தானே கேட்டு வாங்கினேன். கழற்றிவிடச் சொன்னால் என்ன என்று காலையில் இரண்டு முறை நினைத்தேன். தாடை மூட்டு மட்டும் அமைதியாக இருக்கிறது. ஆச்சரியம்.

22 செப்டம்பர்

டூட்டி. பயந்த மாதிரியேதான். வடக்கனந்தலில் ஏறினவர் என் வாயைப் பார்த்துவிட்டு ஊர்ப் பேரைச் சொல்ல மறந்தார். ஒரு கிழவர், "இன்னாம்மா, ஆக்சிடெண்டா?" என்று பரிதாபமாகக் கேட்டார். பின் சீட்டில் இரண்டு பேர் குசுகுசுவென்று சிரித்தார்கள். கடித்தேன். குறித்தும் வைத்தேன்.

7 அக்டோபர்

இன்று குறிக்க ஒன்றும் இல்லை. மழை, வழியில் ஒரு மரம் சாய்ந்திருந்தது, வண்டி ஒரு மணி நேரம் லேட்.

4 டிசம்பர், வியாழன்

காலை நடையில் ஒரு பெண் ஏறினாள். மலையில் ஏதோ பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த டீச்சர். முப்பது வயசு இருக்கும். டிக்கெட் வாங்கின பிறகும் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் பார்த்தால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அணை தாண்டிக் கூட்டம் குறைந்ததும் பக்கத்தில் வந்து நின்றாள். உதட்டை இறுக்கி வைத்திருந்தாள். முகவாயில் அந்தப் புள்ளிகள்.

"அக்கா, ஒண்ணு கேக்கலாமா? வலிக்குமா அது?"

"ரெண்டு மூணு நாளைக்கு நல்லா வலிக்கும். ஒவ்வொரு தடவ முடுக்கறப்பவும்."

"டாக்டர் போட்டே ஆவணும்னு சொல்லிட்டாங்களா?"

முன் சீட்டில் ஆட்கள் இருந்தார்கள். கண்ணாடியில் கண்ணாயிரம் அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி சத்தத்தில் கொஞ்சம் உரக்கத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"இல்லம்மா. எனக்கு ஆசையா இருந்துச்சி."

அவள் வண்டிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு வளைவு முழுக்க அப்படியே நின்றாள். கரியாலூரில் இறங்கும்போது, கம்பி போட்ட ஆஸ்பத்திரி எங்கே என்று கேட்டாள். அவள் டிக்கெட்டின் பின்பக்கத்தில் புதுச்சேரி பஸ் நம்பரையும் டாக்டர் பேரையும் எழுதிக் கொடுத்தேன். சனிக்கிழமை காலையில் போனால் கூட்டம் கம்மி என்றும் எழுதினேன்.